முழுப் பேர் சொல்லுங்க தம்பி

அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சிறுசேரி சிப்காட்டில் கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடம், ஆண்டுக்கு மூன்றரை லட்சம். அக்கா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதம் பதினெட்டுப் பக்கம். ரகசியம் காப்பதற்கு மூன்று பக்கம், பாதியில் ஓடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கம், என்ன மாதிரி செருப்பு போட்டுக்கொண்டு வரக் கூடாது என்பதற்கு அரைப் பக்கம். எங்கே தங்குவது என்பதற்கு ஒரே ஒரு வரி. தங்குமிடத்தைப் பணியாளர் தம் விருப்பப்படி தேர்வு செய்துகொள்ளலாமாம்.

அந்த 'லாம்'மைப் பாருங்கள். என்ன தாராளம்! இருபத்திரண்டு வயதுப் பையன் முன்னால் பட்டணத்தையே தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிட்டார்கள். போட் கிளப்பில் தங்கலாம். பெசன்ட் நகரில் கடல் காற்று வாங்கலாம். அதெல்லாம் பிடிக்கவில்லையென்றால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் துண்டை விரித்துப் படுக்கலாம். எல்லாம் விருப்பம்தானே.

கிளாம்பாக்கத்தில்தான் வந்து இறங்கினான். தெற்கேயிருந்து வருகிறவனுக்குச் சென்னை இப்போது அங்கே தொடங்குவதாகக் கணக்கு. 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்த அந்த நிலையத்தில் சலவைக் கல் உண்டு, மின்விளக்கு உண்டு. எதிரே ஓடும் தண்டவாளத்தில் ரயில் நிற்க ஒரு நிலையம் மட்டும் திறந்தபோது இல்லை. ஊரிலிருந்து இரவு முழுக்க வந்தவன், என் வீடு இருக்கும் பழவந்தாங்கலுக்கு வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. என் வீடு என்பதும் சும்மா பேச்சுக்குத்தான். நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஒற்றைப் படுக்கையறை. அவன் ஹாலில் படுத்தால் காலையில் கதவைத் திறக்க அவனை எழுப்ப வேண்டும்.

"ஒரு வாரத்துல ரூம் பாத்துட்டுப் போயிருதேன் மாமா" என்றான். ஏழு வாரம் ஆனது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்றரை லட்சத்தில் பிடித்தமெல்லாம் போனால் மாதம் இருபத்தைந்தாயிரம் கைக்கு வரும். இந்த மூன்று சொச்சம் லட்சம் என்ற ஆரம்பச் சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கிறது. சென்னையில் யாரும் காலி பண்ணச் சொல்லாமல் இத்தனை காலம் ஒரே இடத்தில் குடியிருப்பது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அந்த இருபத்தைந்தாயிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவன் 'தேர்வு' செய்யக் கிளம்பினான்.

ஆபீஸ் பக்கத்திலேயே பார்க்கலாம் என்றால் அங்கே இருப்பதெல்லாம் முப்பது மாடிக் குடியிருப்புகள். நீச்சல் குளத்துக்கும் சேர்த்து வாடகை. ரயில் பாதை பக்கம் பார்க்கலாம் என்றால் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் ரயிலுக்கும் சென்ற பிறவிப் பகை. 2007ல் வேளச்சேரி வரை வந்தது பறக்கும் ரயில். அடுத்து பரங்கிமலையைத் தொட ஐந்தே கிலோமீட்டர்தான் பாக்கி. வேளச்சேரிக்கு ரயில் வந்தபோது எல்.கே.ஜி.யில் இருந்தவன் இன்ஜினீயரிங் படித்து முடிக்கும் காலம் வரை அந்த ஐந்து கிலோமீட்டர் இழுத்தது. பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் மெட்ரோ என்று சாலை நடுவே தூண் நட்டிருக்கிறார்கள். ரயில் வருவதற்கு முன்பே வாடகை அதில் ஏறி வந்துவிட்டது. "நாளைக்கு மெட்ரோ வந்துரும் சார், இப்பவே புடிச்சுப் போட்ருங்க" என்றார் புரோக்கர். நாளைக்கு வரும் ரயிலுக்கு இன்றைக்கே டிக்கெட் வாங்குவது வீட்டு வாடகையில் மட்டும்தான் நடக்கும்.

புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சுலரா?"

சென்னையில் மனித குலம் இந்த இரண்டே வகை. ஃபேமிலி என்றால் சத்தம் போடாது, சுவரில் ஆணி அடிக்காது, குழாயைச் சொட்டவிடாது. பேச்சுலர் என்றால் பாட்டில், பைக், பொம்பளை. என் அக்கா மகன் டீ குடித்தால்கூட டம்ளரைக் கழுவி வைக்கிற ஜாதி. அடடா, வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிட்டது, அதற்குத்தான் வரப்போகிறேன். ஊரில் அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தால் முதல் கேள்வி, சென்னையில் வீடு இருக்கிறதா என்பது. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு இல்லை, வீடு இல்லாதவனுக்குப் பெண் இல்லை. இடையில் இவன் என் வீட்டு ஹாலில் கிடக்கிறான்.

அந்தக் கேள்வியைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் போனோம். புழுதிவாக்கத்தில் ஒரு மாடி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. வாசலில் துளி அழுக்கில்லை. மோர் கொடுத்தார். பையன் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்பதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேர் என்ன தம்பி?"

சொன்னான்.

"முழுப் பேர் சொல்லுங்க தம்பி."

"அதான் சார் முழுப் பேரு."

"இனிஷியலுக்கு?"

அப்பா பெயரைச் சொன்னான்.

"தாத்தா பேர்?"

தாத்தா பெயரையும் சொன்னான். அவருக்கு அதிலும் பிடி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"சொந்த ஊர்?"

சொன்னான்.

"அட, நம்ம ஃப்ரெண்டு ஒருத்தர் அந்த ஊர்தான். அந்த ஊர்ல எந்தத் தெரு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன். தெருவைச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அதே சிரிப்பு, அதே மரியாதை. "ரொம்ப சந்தோஷம். வீட்ல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். மோர் டம்ளர்களை அவர் எடுத்துப் போகவில்லை, அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் புரோக்கர் போன் செய்தார். "வேற பார்ட்டிக்கு முடிஞ்சிருச்சு சார்." அடுத்த மூன்று மாதமும் நான் அந்தத் தெரு வழியாகப் போனேன். 'டு லெட்' பலகை அந்த வேற பார்ட்டிக்காகக் காத்துக்கொண்டே தொங்கியது.

கீழே இறங்கி வந்ததும் பையன் சொன்னான்: "டெக்னிக்கல் ரவுண்டு, ஹெச்.ஆர். ரவுண்டு எல்லாம் இதுக்கு எவ்வளவோ பரவால்ல மாமா. அங்க பெயிலானா ஏன்னாவது மெயில் வரும்."

1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். இன்றுவரை நமக்கு அதில் பெருமை. வடக்கே போனால் பெயரிலேயே எல்லாம் தெரிந்துவிடுமாம், நமக்கு வெறும் இனிஷியல்தானாம். மேடைக்கு மேடை சொல்கிறோம். வாலை வெட்டினோம், வாஸ்தவம். வீட்டுக்காரர்கள் அதற்குள் வேரைத் தோண்டிப் பார்க்கும் வித்தையைப் பழகிக்கொண்டார்கள். வடக்கே ஒரே கேள்வியில் முடியும் வேலைக்கு இங்கே ஆறு கேள்வி ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதையும் மோர் கொடுத்துக் கேட்கிறோம். பண்பாடு! அக்கா மகன் வேலை பார்க்கும் சிறுசேரியும், அவன் பஸ்ஸை விட்டு இறங்கிய கிளாம்பாக்கமும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன என்பதை இங்கே சும்மா குறித்துவைக்கிறேன்.

அவன் பெயரையும் ஊரையும் தெருவையும் நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதினால் நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள். எழுதாமலேயே ஆரம்பித்திருப்பீர்கள். 'தெற்கே' என்றதும் ஒரு கணக்கு, லட்டு என்றதும் ஒரு கணக்கு, மாமா என்றதும் ஒரு கணக்கு. விடை தெரியாமல் அடுத்த பத்திக்குப் போவது கொஞ்சம் அரிக்கிறதா? அரிக்கட்டும். அந்த வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் அரித்திருக்கும்.

இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு எல்லாம் இவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. புரோக்கரே வாசலில் வடிகட்டினார். "வெஜ் ஒன்லி சார்." நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் மீனும் கறியும் தின்னும் மாநிலத்தில் இத்தனை வீடுகள் முட்டை வாசனைக்கே மூர்ச்சை போட்டு விழுகின்றன. 'வெஜ்' என்பது காய்கறியைக் குறித்த சொல் இல்லை என்பது புரோக்கருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், முருங்கைக்காய்க்கும் தெரியும். முஸ்லிம் பையன் என்றால் இந்தச் சுற்றிவளைப்பே கிடையாது. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வீடு 'முடிந்துவிடும்'. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீடு தேடும்போது முதல் போனிலேயே பெயரைச் சொல்லிவிடுவார். "ஆட்டோ காசாவது மிச்சம்" என்பார்.

சட்டம் ஒன்றும் சொல்லாதா என்று கேட்கலாம். கடைக்குள் நுழைய, ஓட்டலில் சாப்பிட, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, சாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை வீடு என்று அதில் ஒரு சொல் கிடையாது. 2005ல், பார்சிகளுக்கு மட்டும்தான் இடம் என்று ஆமதாபாத்தில் ஒரு வீட்டுச் சங்கம் வைத்திருந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஓட்டலில் இட்லி தின்ன உரிமை உண்டு. தின்றுவிட்டு எங்கே போய்ப் படுப்பது என்பதுதான் விருப்பத்தைப் பொறுத்தது. யாருடைய விருப்பம் என்பதைக் கம்பெனிக் கடிதம் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிட்டது.

சாதியே கேட்காத வீடு ஒன்று கிடைத்தது. எனக்கே ஆச்சரியம். பள்ளிக்கரணைப் பக்கம், தரைத்தளம், வாடகையும் பன்னிரண்டாயிரம்தான். வீட்டுக்காரர் பெயர்கூடக் கேட்கவில்லை. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. புதுசாக அடித்த வெள்ளையையும் மீறி, நாலு சுவரிலும், மட்டப்பலகை வைத்து வரைந்த மாதிரி. "என்ன சார் இது?" என்றேன். "பழைய டிசைன் சார்" என்றார்.

மிக்ஜாம் புயல் போட்ட டிசைன். 2023 டிசம்பரில் அந்தப் பக்கம் படகு ஓடியது, டிராக்டர் ஓடியது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல், மாடியிலிருந்து பக்கெட்டைக் கயிறு கட்டி இறக்கிப் பால் பாக்கெட் வாங்கினார்கள். 2015 டிசம்பரிலும் அப்படித்தான். வெள்ளம் வந்தது என்று நாம் சொல்கிறோம். தண்ணீர் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது, வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம், சுற்றுவட்டார ஏரிகள் வழிந்தால் தாங்கிக்கொள்ள இயற்கை வைத்த தொட்டி. அதை வெட்டி, கட்டி, ஒரு மூலையில் மாநகரத்தின் குப்பையை மலையாகக் குவித்து, மிச்சமிருந்த சுமார் 1,250 ஹெக்டேருக்கு 2022ல் சர்வதேச ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி வாங்கி மாலை போட்டோம். காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம், கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்று மத்திய அரசே அங்கேதான் கட்டடம் வைத்திருக்கிறது. கடலை ஆராய்கிறவர்கள் வாசலுக்கே தண்ணீர் வருவது ஒரு வசதிதான்.

இந்த ஊரில் நீர்நிலையைக் கொன்றால் அதன் பெயரைத் தெருவுக்கு வைப்பது மரபு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது, ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரின் ஜவுளிக் கடைகள் தெரியும். நான் குடியிருக்கும் ஊரின் பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் குளம். இப்போது ஒரு அடுக்குமாடி விளம்பரத்தில் 'ஃபிளமிங்கோ வியூ' என்று பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பறவைகள் நிற்கும் இடத்தில்தான் அடுத்த பிளாக் வரும்.

மழைக்காலத்தில் இந்தக் கதை. கோடையில் அதே பக்கத்துக்கு வேறு கதை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் சில, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆட்களை அனுப்பின. அந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது பணியாளரின் தேர்வு. 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வீங்கியபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் சென்னைக்குள் வந்தன. வரி கேட்டு ஆள் உடனே வந்தார். குழாய் இன்னும் பல தெருக்களுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. அதுவரை டேங்கர் லாரி. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை கூப்பிடு தூரத்தில் நெம்மேலியில் ஓடிக்கொண்டிருக்க, லாரிக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது இங்கே அன்றாடக் காட்சி. அந்த லாரிக் காசு 'மெயின்டனன்ஸ்' என்ற பெயரில் வாடகைக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு வரும்.

இனி அட்வான்ஸ். இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும்.

ஐந்தாவது வீடு, மேடவாக்கம். வாடகை பதினைந்தாயிரம். அட்வான்ஸ் பத்து மாதம். ஒன்றரை லட்சம்! பையன் ஆறு மாதம் சோறு தின்னாமல், பஸ் ஏறாமல், மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் சேரும் பணம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள், வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும். வீட்டுக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அரசு 2016லிருந்து கொடுக்கிறது. வாடகைக்காரனுக்குச் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். அரசு இலவசமாகக் கொடுப்பதை விலைக்கு விற்கும் திறமைக்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், புதுச் சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க சார்" என்றார்.

சட்டத்திடம் கேட்டுப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, 2017ல் ஒரு புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 11ஆம் பிரிவுக்கு வந்தேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்று இருந்தது. எழுந்து நின்று கை தட்டலாம் என்று பார்த்தால், அந்த வரியின் தலையிலேயே ஒரு தொப்பி: இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. கதவுக்குப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் திருடனிடமே கொடுத்து, உங்கள் சம்மதம் இருந்தால் திறந்துகொள்ளுங்கள் என்று எழுதிய சட்டம். நடுத்தெருவில் மூட்டையோடு நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? அந்தத் தொப்பியைத் தைத்தவர்களில் எத்தனை பேருக்குச் சென்னையில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் வேலை கொடுத்தவனுக்கு, ஆள் எங்கே படுப்பான் என்ற கவலையும் இருந்தது. 1955ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். வந்தபோது கூடவே ஐ.சி.எஃப். காலனியும் வந்தது. நெய்வேலியில் நிலக்கரி தோண்டியவர்கள் ஒரு ஊரையே கட்டினார்கள். திருச்சி பெல்லுக்குக் கைலாசபுரம் என்று ஒரு நகரியம். என் சித்தப்பா ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸ் கதவு எண்ணைத்தான் முப்பது வருஷம் விலாசமாக எழுதினார். பக்கத்து வீட்டில் யார் என்பதைச் சம்பள கிரேடு முடிவு செய்தது. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்த எஸ்டேட் ஆபீஸரும் அவரிடம் தாத்தா பெயர் கேட்டதில்லை.

2000ல் டைடல் பார்க் வந்தது. அதன் வால் பிடித்து பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடி முளைத்தது. கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தார்கள், சலுகை கொடுத்தார்கள், ஆறு வழிச் சாலை போட்டார்கள். வளாகத்துக்குள் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, காபி இயந்திரம் இருக்கிறது, மன அழுத்தம் குறைக்க ஊஞ்சல்கூட இருக்கிறதாம். கட்டில் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஊர்களிலிருந்து கொத்தாக வரவழைத்து, மாலை ஆறு மணிக்கு அவர்களை வீட்டுக்காரர்களின் கையில் ஒப்படைத்துவிட்டு, அதற்குத் தேர்வு என்று பெயர் வைத்த கெட்டிக்காரத்தனத்துக்கு எந்த வீட்டுக்காரரும் இணையாக மாட்டார்.

தேர்வு செய்யாமலே அந்தச் சாலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். நகரின் நடுவில் ஆற்றோரங்களில் இருந்த குடிசைகளைப் பிரித்து, லாரியில் ஏற்றி, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். பையன் வேலை பார்ப்பது போன்ற கட்டடங்களில் தரை துடைப்பவர்கள், பாதுகாப்புக்கு நிற்பவர்கள் பலர் அங்கிருந்து வருகிறவர்கள். கண்ணகி நகர் என்று விலாசம் எழுதினால் வேலை கிடைக்காது என்று அவர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். அக்கா மகனிடம் விலாசம் கேட்டு வீட்டை மறுத்தார்கள். அவர்களிடம் வீட்டைக் கொடுத்து, அந்த விலாசத்துக்காக வேலையை மறுத்தார்கள்.

பெண் பிள்ளையாக இருந்தால் இந்தக் கட்டுரை இரு மடங்கு நீளும். ஹாஸ்டல் கேட் இரவு பத்து மணிக்குச் சாத்திவிடும், ஷிப்ட் பதினொன்றுக்கு முடியும். இடைப்பட்ட ஒரு மணி நேரத்தை அவள் எங்கே வைத்துக்கொள்வாள் என்று கம்பெனிக்கும் தெரியாது, வார்டனுக்கும் தெரியாது. அரசின் தோழி விடுதிகள் நல்லவைதான். வேலைக்கு வரும் பெண்களின் கூட்டத்துக்கு முன்னால் அவை கடலில் கரைத்த பெருங்காயம்.

ஆறாவது வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கேயும் நாலாவது கேள்வி வரை போனோம்.

ஏழாவது வீடு கிடைத்துவிட்டது. நாவலூருக்கு உள்ளே தள்ளி, ஒரு மாடி அறை. ஆபீஸுக்குப் பதினைந்து நிமிஷம். அட்வான்ஸ் எழுபதாயிரம். அக்கா செயினை அடகு வைத்து அனுப்பினாள். அன்றைக்கு லட்டு கொடுத்த அதே கையிலிருந்து வளையலும் போயிற்று. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. பேர் கேட்டார், ஊர் கேட்டார். "அந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்றும் கேட்டார்.

பையன் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. ஒரு நொடிகூடத் தயங்காமல் வேறொரு தெருவின் பெயரைச் சொன்னான்.

"ஓ, நம்மாளுங்கதானா! அதான் முகத்துலயே தெரியுதே" என்றார் அந்த அம்மா. சாவியைக் கொடுத்தார். பண்டிகை நாளில் பாயசம் கொடுத்து விடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை கீழே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறாராம். அவன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்தத் தெருவின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறான்.

மகன் குடியிருக்கும் வீட்டைப் பார்க்க அக்காவுக்கு ஆசை. அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். வந்தால் அந்த அம்மா அவளிடமும் கேட்பார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.